ஷக்ரின்: அகராதி பார்க்காமல் சொன்ன சொல்

ஞாயிற்றுக்கிழமை இரவு. தொலைக்காட்சியில் காற்பந்து ஓடிக்கொண்டிருந்தது. உயர்நிலை 2 படிக்கும் என் மகள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஆங்கிலக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தாள்.

“அப்பா, ‘ஷக்ரின்’னா என்ன?”

“வருத்தம்மா. ரொம்ப வருத்தம்.”

“‘சேட்’, ‘சேட்’னு எழுதி எழுதி போரடிக்குது. அதுக்குப் பதிலா இதைப் போடலாமா?”

“தாராளமா போடு. டீச்சர் அசந்து போயிடுவாங்க.”

திரையிலிருந்து கண்ணை எடுக்காமலேயே சொன்னேன். வாரம் தவறாமல் இந்தப் பத்தியில் ஆங்கிலச் சொற்களுக்கு விளக்கம் எழுதுகிறவன் நான். பெற்ற மகளுக்கு ஒரு சொல்லைச் சொல்ல அகராதி எதற்கு?

கட்டுரையின் தலைப்பு, ‘என்னால் மறக்க முடியாத ஒருவர்’. அவள் எழுதியது தாத்தாவைப் பற்றி. அதாவது என் அப்பா. சென்ற ஆண்டு தவறிவிட்டார்.

அடுத்த வாரம் ஆசிரியர் நான்கைந்து பேரை எழுந்து நின்று தங்கள் கட்டுரையை வாசிக்கச் சொல்லியிருக்கிறார். அவர்களில் என் மகளும் ஒருத்தி. “மச் டு மை ஷக்ரின், மை கிராண்ட்ஃபாதர் பாஸ்ட் அவே தட் நைட்” என்று அவள் வாசித்ததும் பின்வரிசையில் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். ஏன் சிரிக்கிறார்கள் என்று அவளுக்குப் புரியவில்லை. வகுப்பு முடிந்ததும் ஆசிரியர் தனியே கூப்பிட்டு, அவள் மனம் நோகாமல் விளக்கியிருக்கிறார். கட்டுரையின் ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு கேள்வி: ‘துக்கத்தையா சொல்ல வந்தாய்? இந்தச் சொல் வேறு.’

வீட்டுக்கு வந்தவள் பையைக்கூட இறக்கி வைக்கவில்லை.

“அப்பா, தாத்தா செத்தது எனக்கு அசிங்கமாப் போச்சுன்னு எழுதியிருக்கேன்.”

அதன் பிறகுதான் நான் அகராதியை எடுத்தேன்.

பொருள் என்ன?

ஷக்ரின் என்பதில் இரண்டு சரக்குகள் கலந்திருக்கின்றன. ஒன்று ஏமாற்றம்: நாம் நினைத்தது நடக்கவில்லை. மற்றொன்று தலைகுனிவு: அது நடக்காமல் போனதில் நம் முகமும் சேர்ந்து விழுந்துவிட்டது. இரண்டும் இருந்தால்தான் ஷக்ரின். நம் ஊர்ப் பேச்சில் சொல்வதானால், பாதி ‘சாயாங்’, பாதி ‘மலு’.

ஓர் எடுத்துக்காட்டு. பள்ளி விடுமுறையில் ஜொகூர் போகக் குடும்பமே காரில் ஏறுகிறது. “காலையிலேயே கிளம்பலாம்” என்கிறார் மனைவி. “எனக்குத் தெரியாத உட்லண்ட்சா? மத்தியானம் போனா ஒரு ஈ காக்கா இருக்காது” என்கிறார் கணவர். பாலத்தில் மூன்று மணி நேரம் கார் நகரவில்லை. பின்னிருக்கையில் மாமியார் ஒன்றும் பேசாமல் கடலையைக் கொறித்துக்கொண்டிருக்கிறார். அந்தக் கணவருக்கு அப்போது உள்ளே என்ன ஓடுகிறதோ, அதுதான் ஷக்ரின். அவர் தனியாகப் போய் மாட்டியிருந்தால் வெறும் எரிச்சலோடு முடிந்திருக்கும். சொல்லிவிட்டு மாட்டியதுதான் வினை.

இந்தச் சொல்லின் அண்டை வீட்டுக்காரர்களைப் பார்த்தால் எல்லை இன்னும் தெளிவாகும்.

‘டிஸப்பாய்ன்ட்மென்ட்’ வெறும் ஏமாற்றம். அதற்குப் பார்வையாளர் தேவையில்லை. இலவு காத்த கிளிக்கு வந்தது அதுதான். அந்தக் கிளி மற்ற கிளிகளையெல்லாம் பழ விருந்துக்கு அழைத்துவிட்டு, காய் வெடித்துப் பஞ்சு பறக்கும்போது அவர்கள் நடுவில் உட்கார்ந்திருந்தால், அது ஷக்ரின்.

‘எம்பேரஸ்மென்ட்’ சங்கடம், கூச்சம். அதற்கு எதிர்பார்ப்பு தேவையில்லை. எம்ஆர்டி ரயிலில் கால்சட்டை கிழிந்தால் போதும்.

‘ஹியுமிலியேஷன்’ அவமானம். பெரும்பாலும் இன்னொருவர் நமக்குச் செய்வது. ஷக்ரினுக்கோ நாமே வாயைக் கொடுத்திருப்போம், அல்லது மனத்துக்குள் ஒரு கணக்குப் போட்டு வைத்திருப்போம்.

‘சாரோ’, ‘கிரீஃப்’ இரண்டும் துக்கம். இழப்பைப் பற்றியவை. அங்கே நம் முகத்தைப் பற்றிய கவலைக்கு இடமில்லை. என் மகள் தேடிய சொல் இங்கேதான் இருந்தது. நான் அவளை நான்கு வீடு தள்ளிக் கொண்டுபோய் விட்டுவிட்டேன்.

எப்படி எழுதுவது?

இந்தச் சொல் தனியாக நடமாடுவது குறைவு. ‘டு மை ஷக்ரின்’, ‘மச் டு ஹிஸ் ஷக்ரின்’ என்ற தொடராகவே பெரும்பாலும் வரும். யாருக்குத் தலைகுனிவு ஏற்பட்டதோ அவரைக் குறிக்கும் சொல்தான் நடுவில் வர வேண்டும்; அதற்குக் காரணமானவரை அங்கே வைத்தால் பொருள் புரண்டுவிடும். ‘எ ஷக்ரின்’ என்றோ ‘ஷக்ரின்ஸ்’ என்றோ எண்ணிக் காட்டுவது வழக்கத்தில் இல்லை. ‘ஷக்ரின்ட்’ என்றால் அந்த நிலையில் இருப்பவர். அப்படி எழுதும்போது ‘என்’ எழுத்தை இரட்டிக்கக் கூடாது, ஒன்று போதும்.

அலுவலகத்தில் இருக்கும் இளையர்களுக்கு ஒரு வார்த்தை. வாடிக்கையாளருக்கு மன்னிப்பு மின்னஞ்சல் எழுதும்போது இந்தச் சொல்லைத் தொடாதீர்கள். ‘டு அவர் ஷக்ரின், யுவர் ஆர்டர் ஹேஸ் பீன் டிலேய்ட்’ என்று எழுதினால் இலக்கணப்படி பிழையில்லை. ஆனால் அதைப் படிப்பவருக்கு என்ன கேட்கும்? ‘உங்கள் பொருள் தாமதமாகிவிட்டது, எங்களுக்கு மானம் போகிறது.’ பொருள் கிடைக்காமல் காத்திருப்பவர் அவர். நாமோ நம் மானத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம். அங்கே ‘சாரி’ என்ற எளிய சொல்லே போதும். ஷக்ரின் கதை சொல்லும்போது வரும் சொல். கொஞ்சம் பழைய வாடையும் அதில் உண்டு. நடந்து முடிந்ததை நினைத்து நம்மை நாமே சற்றுக் கேலி செய்துகொள்ளும்போது கச்சிதமாகப் பொருந்தும்.

மரணத்தோடு அது ஏன் பொருந்தவில்லை என்பதும் இப்போது தெரிந்திருக்கும். ஒருவர் இறந்ததைச் சொல்லும் இடத்தில் அந்தச் சொல்லைப் போட்டதும், அவர் இறந்தது போய், அதனால் எனக்கு நேர்ந்த தர்மசங்கடம் முன்னால் வந்து நின்றுவிடுகிறது.

எப்படி உச்சரிப்பது?

எழுத்துக் கூட்டிப் படித்தால் ‘சாக்ரின்’ என்று சொல்லத் தோன்றும். இது பிரெஞ்சிலிருந்து வந்த சொல். ‘ஷெஃப்’, ‘மெஷின்’, ‘பிரோஷர்’ போன்ற பிரெஞ்சு வழிச் சொற்களில் உள்ளதுபோல இங்கும் ‘ஷ’ ஒலிதான். பிரிட்டிஷ் முறையில் அழுத்தம் முதல் அசையில் விழும்: ‘ஷேக்-ரின்’. அமெரிக்கர்கள் இரண்டாவது அசையை அழுத்துவார்கள்: ‘ஷ-கிரின்’.

அமெரிக்க உச்சரிப்பில் மாணவர்களுக்கு ஒரு நினைவுக் குறிப்பு கிடைக்கிறது. ‘கிரின்’ என்றால் ஆங்கிலத்தில் பல்லைக் காட்டிச் சிரிப்பது. சொல் பிறந்த விதத்துக்கும் அந்தச் சிரிப்புக்கும் தொடர்பில்லை. ஆனால் மாட்டிக்கொண்டவர் என்ன செய்வார்? அசட்டுச் சிரிப்புதான் சிரிப்பார். அந்தச் சிரிப்பை நினைவில் வைத்தால் பொருள் மறக்காது.

எங்கிருந்து வந்தது?

17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. பிரெஞ்சில் இன்றுவரை அதற்குப் பொருள் துக்கம், மனவருத்தம். காதல் தோல்வியை ‘ஷக்ரன் தாமூர்’ என்பார்கள். ஆங்கிலத்திலும் தொடக்கத்தில் கவலை, மனச்சோர்வு என்ற பொருளில்தான் வழங்கியது. பிறகுதான் குறுகி, இன்றைய பொருளுக்கு வந்து நின்றது. ஆக, என் மகள் பிரெஞ்சில் எழுதியிருந்தால் வகுப்பில் யாரும் சிரித்திருக்க மாட்டார்கள். இதை அவளிடம் சொன்னேன். “நான் படிக்கிறது இங்கிலீஷ்பா” என்றாள். அதற்கு மேல் நான் பேசவில்லை.

பிரெஞ்சில் இதே எழுத்துகளில் இன்னொரு சொல்லும் உண்டு. அது சொரசொரப்பான ஒரு வகைத் தோலின் பெயர். குதிரையின் பின்புறத்தைக் குறிக்கும் ‘சாரி’ என்ற துருக்கிச் சொல்லிலிருந்து வந்தது. குதிரை, கழுதையின் அந்தப் பகுதித் தோலைப் பதப்படுத்தினார்கள். பிறகு சுறா, திருக்கை மீன்களின் தோலும் அந்தப் பெயரைப் பெற்றது. ஆங்கிலத்தில் அதற்கு ‘ஷக்ரீன்’ என்று பெயர். கண்ணாடிக் கூடு, கடிகாரப் பெட்டி போன்றவற்றின் மேல் அழகுக்கு ஒட்டினார்கள். மரத்தைத் தேய்த்து மழமழப்பாக்கவும் பயன்படுத்தினார்கள்.

தேக்கா சந்தையில் பால்சுறா வாங்கிப் புட்டு செய்பவர்களுக்கு இந்தத் தோலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. தலையிலிருந்து வாலுக்குத் தடவினால் வழுக்கும். எதிர்ப்பக்கம் தடவினால் உப்புத்தாள். மனத்தை அப்படி எதிர்ப்பக்கமாக உரசுவதால்தான் அந்த உணர்ச்சிக்கு இந்தப் பெயர் வந்தது என்று பழைய அகராதிக்காரர்கள் எழுதினார்கள். பின்னால் வந்த சொல்லாய்வாளர்கள் அதை ஏற்கவில்லை. இரண்டும் வேறு வேறு சொற்கள் என்கிறார்கள். இருந்தாலும் பிரெஞ்சு எழுத்தாளர் பால்ஸாக் 1831இல் தம் நாவலுக்குப் பெயர் வைத்தபோது, தோல், துக்கம் இரண்டும் தொனிக்கும்படியே வைத்தார். அந்தக் கதையில் ஓர் இளைஞனிடம் ஒரு மாயத் தோல் கிடைக்கிறது. அவன் விரும்பியதெல்லாம் நடக்கும். ஆனால் ஒவ்வொரு விருப்பத்துக்கும் தோல் சுருங்கும். அதோடு அவன் ஆயுளும் சுருங்கும்.

தமிழில் என்ன சொல்வது?

ஒரே சொல்லில் அடக்க முடியவில்லை. ஆனால் நம்மிடம் இந்த உணர்ச்சிக்குப் பஞ்சமே இல்லை. ‘அசடு வழிந்தது’, ‘மூக்குடைபட்டது’, ‘முகம் சுண்டிப் போயிற்று’. இளையர்கள் ‘பல்பு வாங்கினேன்’ என்கிறார்கள். கவனித்தால், மூக்கு, முகம் என்று எல்லாம் முகத்தைச் சுற்றியே வருகின்றன. குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை என்கிறாரே ஒருவர், அவர் ஷக்ரினை மறைக்கப் பார்ப்பவர். இடத்தைப் பார்த்து இவற்றில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். ‘வருத்தம்’ என்று மட்டும் மொழிபெயர்க்காதீர்கள். அனுபவப்பட்டவன் சொல்கிறேன்.

குடை

இதோடு பத்தியை முடித்திருக்கலாம். ஆனால் அன்று இரவு நடந்ததையும் எழுத வேண்டும். மகளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

சாப்பிட்டு முடித்த பிறகு நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் தட்டைப் பார்த்தபடியே சொன்னாள்:

“அது முழுக்கத் தப்பும் இல்லப்பா.”

“எது?”

“தாத்தாவால எனக்கு அசிங்கமா இருந்துச்சுன்னு எழுதினது.”

அவள் தொடக்கநிலை 5 படித்தபோது நடந்தது. பள்ளி விடும் நேரத்தில் நல்ல மழை. தாத்தா குடையோடு போய் வாசலில் நின்றிருக்கிறார். கைலியும் ஜப்பான் சிலிப்பருமாக, வீட்டில் இருந்த கோலத்திலேயே. தோழிகள் பார்த்துவிட்டார்கள். யார் அந்த அங்கிள் என்று ஒருத்தி கேட்டிருக்கிறாள்.

“எங்க புளோக்ல இருக்கிறவர்னு சொல்லிட்டேன்.”

சொல்லிவிட்டுத் தோழியின் குடைக்குள் நுழைந்து முன்னால் நடந்துவிட்டாள். தாத்தா கொஞ்சம் பின்தங்கியே வந்திருக்கிறார். மின்தூக்கியில் ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் வழக்கம்போல மைலோ கலக்கிக் கொடுத்திருக்கிறார்.

“அவருக்குக் கேட்டிருக்காதும்மா” என்றேன்.

“கேட்டிருக்குப்பா. மறுநாள்லேர்ந்து பேன்ட் போட்டுக்கிட்டுதான் வந்தாரு.”

எனக்கு அது நினைவிருக்கிறது. பேத்தியைக் கூட்டி வர மனிதர் கால்சட்டை மாட்டிக்கொண்டு, தலையைப் படிய வாரிக்கொண்டு கிளம்புவார். “என்னப்பா, பேட்டிக்குப் போறீங்களா?” என்று நான்கூடக் கேலி செய்திருக்கிறேன். அவர் சிரித்துவிட்டுப் போவார்.

நான் இந்தப் பத்தியில் சொற்களைப் பிரித்துக் காட்டுகிறேன். அன்று அந்தப் பள்ளி வாசலில் எல்லாச் சொற்களும் ஒன்றாக நின்றிருக்கின்றன. தோழிகள் முன்னால் அவளுக்கு வந்தது எம்பேரஸ்மென்ட், கூச்சம். பதினொரு வயதில் யாருக்கும் வரக்கூடியது. பேத்தி ஓடிவந்து குடைக்குள் நுழைவாள் என்று நினைத்துப் போனவர், நான்கு பிள்ளைகள் முன்னால் ‘புளோக்ல இருக்கிறவர்’ ஆகி நின்றாரே, அவருக்கு வந்ததுதான் ஷக்ரின். எதிர்பார்த்ததும் விழுந்தது, முகமும் விழுந்தது.

மூன்று வருடம் கழித்துச் சாப்பாட்டு மேசையில் அவளுக்கு வந்தது இந்த இரண்டுமே இல்லை. திருக்குறளில் நாணுடைமை என்று ஓர் அதிகாரம் உண்டு, 102ஆவது. தான் செய்த தகாத செயலை எண்ணி வெட்கப்படுவதே உண்மையான நாணம், மற்ற வெட்கமெல்லாம் வேறு வகை என்று முதல் குறளிலேயே வள்ளுவர் பிரித்துவிடுகிறார். பிறர் பார்க்கிறார்களே என்று வருவது ஒன்று. யாரும் பார்க்காதபோதும், அந்த மனிதரே போய்விட்ட பிறகும் வருவது இன்னொன்று. என் மகளுக்கு வந்தது இரண்டாவது. அது வரட்டும் என்று நான் சும்மா இருந்தேன். “பரவாயில்லை, சின்னப் பிள்ளைதானே” என்று சொல்லத் தோன்றியது, சொல்லவில்லை.

“தாத்தா உன்கிட்ட கோவிச்சுக்கிட்டாரா?” என்று மட்டும் கேட்டேன்.

“இல்லப்பா. மழை இல்லாத நாளும் குடை கொண்டு வந்தாரு.”

திருத்த வேலையாக, ஷக்ரின் என்ற சொல்லைச் சரியாகப் பயன்படுத்தி இரண்டு வாக்கியங்கள் எழுதிவரச் சொல்லியிருந்தார் ஆசிரியர். மறுநாள் காலை எழுதியதை என்னிடம் காட்டினாள். முதல் வாக்கியம் இது: ‘மச் டு மை ஃபாதர்ஸ் ஷக்ரின், த வேர்ட் ஹீ டாட் மீ வாஸ் ராங்.’ அதாவது, எனக்குச் சொல்லிக்கொடுத்த சொல் தவறாகிப்போனதில் அப்பாவின் மூக்கு உடைந்தது. இலக்கணம் சரி, பொருள் சரி, சரியான ஆளின் பெயரும் நடுவில் இருக்கிறது. ஆசிரியர் பெரிதாக ஒரு ‘டிக்’ போட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

இரண்டாவது வாக்கியம் குடையைப் பற்றியது. அதை இங்கே எழுதப்போவதில்லை. அது அவளுக்கும் தாத்தாவுக்கும் உள்ளது.

அடுத்த வாரச் சொல்லை அகராதியில் பார்த்துவிட்டே எழுதுகிறேன்.